ஸ்கால்ப் கூலிங்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

வணக்கம்.

கீமோ ஏறும்போது முடி கொட்டுவதைக் குறைக்கத் தலையைக் குளிர வைக்கிறார்களே, அதற்கு நோயாளர் கையேட்டில் ஒரு சொல் வேண்டும். வரைவில் 'உச்சந்தலை உறையூட்டல்' என்று போட்டிருக்கிறேன். சரிவருமா?

—

> உச்சந்தலை உறையூட்டல்

இரண்டு பாதியுமே இடிக்கிறது ஐயா. உச்சந்தலை என்பது நடு உச்சி மட்டும். தொப்பி முன்நெற்றி முடியோரத்திலிருந்து பிடரி வரை மூட வேண்டும். அதனால் 'தலைத்தோல்' என்றே சொல்லலாம்.

உறைவதும் இல்லை. தோலின் சூடு 18–22 டிகிரி செல்சியசுக்கு இறங்குகிறது, அவ்வளவுதான். அதில் இரத்தக் குழாய்கள் சுருங்கி மயிர்க்காலுக்குப் போகும் மருந்து குறைகிறது. அங்குள்ள செல்களும் மந்தப்படுவதால் வந்து சேரும் மருந்தையும் குறைவாகவே உள்வாங்குகின்றன. முதல் கால் மணி நேரம்தான் கடினம்: தலைவலி, நெற்றியில் குத்தல். 'உறை' என்று படித்துவிட்டு வருபவர் அதற்குள்ளேயே கழற்றச் சொல்லிவிடுவார்.

என் பரிந்துரை: தலைத்தோல் குளிர்விப்பு. 'குளிரூட்டல்' அறைக்கும் பேருந்துக்கும் போய்விட்டது.

—

'குளிர்விப்பு' எனக்கும் சம்மதம். இலக்கணம் பார்த்தால் 'தலைத்தோற்குளிர்விப்பு' என்று புணரும், வாயில் நுழையாது. பிரித்தே எழுதுவோம்.

'உறை'யில் இன்னொரு வம்பும் உண்டு. இயந்திர வகையில் குளிர்நீர்மம் ஓடும் உள்தொப்பி ஒன்று, அதை இறுக்கிப் பிடிக்கும் நியோப்ரீன் மேலுறை ஒன்று. 'உறைதொப்பி' என்றால் எதைச் சொல்கிறோம்? கூழ் நிரப்பிய கைமுறைத் தொப்பிகளைத்தான் உண்மையில் உறைய வைக்கிறார்கள். 20–30 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். இரண்டுக்கும் பொதுவாகக் 'குளிர்தொப்பி' போதும்.

உச்சந்தலையை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். தொப்பி சரியாக அமராமல் இடைவெளி விழுவது பெரும்பாலும் அங்கேதான். பிறகு அங்கே திட்டாக வழுக்கை தெரியும். முடியை லேசாக நனைத்துப் பின்னோக்கி வாரி, மேலிருந்து அழுத்தி மாட்டச் சொல்லும் வரியில் அந்தச் சொல் வரட்டும்.

'முடி உதிர்வுத் தடுப்பு' என்று எங்கும் எழுதிவிடாதீர்கள். மார்பகப் புற்றுநோய்ப் பெண்களிடம் அமெரிக்காவில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், குளிர்வித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முடி தங்கியது. மற்றவர்களில் ஒருவருக்கும் இல்லை. ஆனால் 'தங்கியது' என்றால் அங்கே பாதிக்கும் குறைவாகக் கொட்டியது என்றே பொருள். குறைப்பு என்பதே நேர்மை.

—

கட்டங்களுக்கும் பெயர் வேண்டுமே. 'முன்குளிர்விப்பு', 'பின்குளிர்விப்பு' சரியா? நடுவில் உள்ளதற்கு?

—

நடுவுக்குத் தனிப்பெயர் வேண்டாம். 'மருந்து ஏறும் நேரம் முழுக்க' என்றாலே புரியும். முன்குளிர்விப்பு வழக்கமாக 30 நிமிடம், அடர்ந்த முடிக்கு 45. பின்குளிர்விப்பைத் தடித்த எழுத்தில் போடுங்கள். சொட்டு நின்றதும் வேலை முடிந்ததென்று தொப்பியைக் கழற்றுவார்கள். மருந்து இரத்தத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். டோசிடாக்சலுக்கு 20 நிமிடம் போதும், டாக்சோரூபிசினுக்கு 90 நிமிடம்கூட ஆகும். மருந்தை வைத்துத்தான் நேரம், எனவே எண்ணை அச்சிடாமல் செவிலியர் எழுதக் கோடு விடுங்கள்.

இரத்தப் புற்றுநோயாளருக்கும் குளிர் பட்டால் தடிப்பு எழும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் இது ஆகாது என்ற வரி முதல் பக்கத்திலேயே வரட்டும்.

—

மாற்றிவிட்டேன். 'மேலுறை' மட்டும் அப்படியே இருக்கிறது.