மிஷின் அறுப்பு வைக்கோலை உங்கள் மாடு தின்கிறதா? அனுபவம் சொல்லுங்கள்

நீடாமங்கலம் பக்கம்:
எங்களுக்கு ஒன்றரை ஏக்கர், இரண்டு கலப்பினப் பசு, ஒரு கிடேரி. ஆள் விட்டு அறுத்தவரை சம்பா வைக்கோலைக் களத்தில் உதறிக் காயவைத்து, கொல்லையில் போர் போட்டுவிட்டால் அடுத்த தை வரை கவலை கிடையாது. இப்போது எல்லாம் பெல்ட் சக்கரம் வைத்த அறுப்பு மிஷின்தான். நெல் சீக்கிரம் வீடு வந்துவிடுகிறது, சீரழிவது வைக்கோல். நொறுங்கி வருவதால் போர் நிற்காது. மிஷின் திரும்பிய இடமெல்லாம் சேற்றில் மிதிபட்டுக் கிடக்கும். குறுவை அறுப்பு மழையில் மாட்டிக்கொண்டால் வைக்கோலை எடுப்பதே இல்லை.

சம்பாவில் பேலர் விட்டு உருளைக் கட்டாகக் கட்டுகிறோம். பேலர்காரருக்கு அடுத்த வயல் அவசரம், பனி ஈரம் காய்வதற்குள் வந்து நிற்பார். அப்படிச் சுருட்டிய கட்டைச் சித்திரையில் பிரித்தால் நடுவில் கறுத்து, பூஞ்சை வாடை அடிக்கும். மாடு மோந்துவிட்டு விலகிக்கொள்ளும். மற்ற ஊர்களில் எப்படி?

தாராபுரம் பக்கம்:
உங்கள் ஊர்க் கட்டு லாரியில் எங்கள் ஊருக்கும் வருகிறது, கேரளாவுக்கும் போகிறது. வாங்குகிற எங்கள் கஷ்டத்தையும் கேளுங்கள். விலை கட்டுக் கணக்கு, ஆனால் ஒரு கட்டு 15 கிலோ இருக்கும், இன்னொன்று 20 தாண்டும். எடை கூடினாலும் சந்தோஷப்பட முடியாது, ஈரமாகவும் இருக்கலாம். நான் கட்டின் நடுவில் கையை விட்டுப் பார்ப்பேன். வெதுவெதுப்பாக இருந்தால் இறக்க விடமாட்டேன்.

சொல்லப்போனால் வைக்கோல் எங்களுக்கு இரண்டாம்பட்சம்தான். மழை கொடுத்த வருஷம் மானாவாரியில் சோளத்தை நெருக்கமாக விதைத்து, தட்டாக அறுத்துக் கட்டிப் போர் வைத்துவிடுவோம். காங்கேயம் மாடு அதை மென்று தின்கிற சத்தமே தனி. முழுசாகப் போட்டால் அடித்தண்டை ஒதுக்கிக் காலில் போட்டு மிதிக்கும். வெட்டிப் போட்டால் வீணாவது குறையும். நான் பார்த்தவரை சோளத்தட்டு இருக்கும்போது வைக்கோல் வாங்குவது காசுக்குக் கேடு.

ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்:
மாடு ஒதுக்குவதைக் குற்றம் சொல்லாதீர்கள். நல்ல நெல் வைக்கோலிலேயே புரதம் 3, 4 சதவீதம்தான். மணற்சத்தான சிலிக்கா நிறைய. ஆக்சலேட் இருப்பதால் சுண்ணாம்புச் சத்தையும் பிடித்துக்கொள்ளும். அதனால் வைக்கோல் தின்கிற கறவைக்குத் தாது உப்புக் கலவையை நிறுத்தக் கூடாது.

அறுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மற்ற தானியங்களில் தண்டைவிட இலை நன்றாகச் செரிக்கும். நெல்லில் நேர்மாறு: சிலிக்கா இலையில்தான் அதிகம், தண்டு பரவாயில்லை. மிஷின்காரர் உயரத் தூக்கி அறுத்துவிட்டுப் போனால் மாட்டுக்கு நல்ல பாகம் தாளடியாக வயலிலேயே நின்றுவிடுகிறது. கொஞ்சம் தாழ்த்தி அறுக்கச் சொல்லுங்கள், மண் சேராத அளவுக்கு.

வைக்கோலில் யூரியா ஊறவைத்துப் பதப்படுத்துவதை ஏன் யாரும் சொல்லவில்லை? 100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, அடுக்கடுக்காகப் பூவாளியால் தெளித்து, மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாய் போட்டு 21 நாள் மூட வேண்டும். புரதம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், தண்டும் இளகும். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுத்து, அமோனியா நெடி போகும்வரை உலர்த்திப் போடுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு வேண்டாம். கரைசல் வாளியை மாடு எட்டுகிற இடத்தில் வைக்கவே வைக்காதீர்கள், குடித்தால் உயிருக்கே ஆபத்து.

நீடாமங்கலம் பக்கம்:
ஐயா, எங்கள் தெருவில் ஒருவர் செய்தார். மாடு முதலில் முறைத்தது, பழைய வைக்கோலோடு கலந்து கலந்து பழக்கியதும் தின்றது. பால் கொஞ்சம் கூடியது என்றார். ஆனால் இரண்டாவது தடவை செய்யவில்லை. ஒற்றை ஆள் தெளித்து, மிதித்து, மூடி முடிப்பதற்குள் இடுப்பு போய்விடுகிறதாம். அதற்குப் பதில் ஒரு மூட்டை தவிடு வாங்கிவிடலாம் என்கிறார். எனக்கும் அவர் கணக்கு சரியென்றே படுகிறது.

கிருஷ்ணகிரி பக்கம்:
எங்களுக்கு ராகித் தாள். நெல் வைக்கோலைவிட மெத்தென்று இருக்கும், மாடு மிச்சம் வைக்காது. ராகி போடுகிறவர்கள் குறைந்ததால் இப்போது தாளுக்குத்தான் தட்டுப்பாடு.

இன்னொன்று: நேப்பியர் புல் இருக்கிறதே என்று பச்சையை மட்டும் போட்டவர்களுக்கு மாட்டுச் சாணி இளகி, பால் சொசைட்டியில் பார்க்கும் பாலின் கொழுப்பும் குறைந்தது. நாலைந்து கிலோ காய்ந்த தீவனம் சேர்த்த பிறகுதான் கொழுப்பு ஏறியது. வைக்கோலில் சத்தில்லை என்று ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம்:
தாராபுரம் அண்ணா, தட்டு வெட்டும் மிஷின் வாங்கலாமென்று இருக்கிறேன். மூன்று மாட்டுக்கு எது போதும்?

தாராபுரம் பக்கம்:
2 ஹெச்பி, சிங்கிள் பேஸ் மோட்டார் தாராளம் தம்பி. மக்காச்சோளத் தட்டையும் வெட்டும். வாங்கும்போது தட்டைப் பின்னுக்குத் தள்ளுகிற ரிவர்ஸ் கியர் இருக்கிறதா பாருங்கள். சிக்கினால் மோட்டாரை நிறுத்திவிட்டு எடுங்கள், ஓடும்போது கையால் தள்ளாதீர்கள். கத்தி தீட்ட ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். மழுங்கிய கத்தி வெட்டாது, தட்டை நசுக்கத்தான் செய்யும்.