நடு வரிசை விறகு மட்டும் காயவில்லை: அடுக்கை மாற்றி அடுக்க யோசனை தேவை

வீட்டிலேயே விறகு பிளந்து விற்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

வெளி வரிசைக் கட்டையை இரண்டாகப் பிளந்து, புது முகத்தில் ஈரப்பத மீட்டரின் ஊசிகளைக் குத்தினால் 18% காட்டுகிறது. நடு வரிசைக் கட்டையில் 27%. (வெட்டுமுனையில் அளந்தால் பெரும்பாலும் குறைவாகத்தான் காட்டும், அதை நம்பக் கூடாது.) 20 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் விற்க மனம் வரவில்லை. ஈர விறகு புகையும்; புகைபோக்கியில் கரிப்பிசின் படியும்; பிறகு அதுவே தீப்பிடிக்கலாம்.

கட்டை நீளம் 30 செ.மீ. மூன்று வரிசை ஒன்றையொன்று ஒட்டி, 1.5 மீட்டர் உயரம், அடியில் மர பேலட் (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டு). தார்ப்பாய் நாலு பக்கமும் தரைவரை தொங்குகிறது. காலையில் தூக்கினால் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருக்கிறது, பட்டையோரம் வெள்ளைப் பூஞ்சை. காற்றோட்டம் இல்லாததுதான் காரணம். அதனால் இனி மேலே மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்துவிடப் போகிறேன்.

வரிசைகளுக்கு நடுவே 10 செ.மீ. இடைவெளி விட்டால் போதுமா, இல்லை கலைத்து ஒற்றை வரிசையாக்க வேண்டுமா? 15 செ.மீ. தடிமனுள்ள கட்டைகளை இப்போதே மறுபடி பிளப்பது நல்லதா?

இன்னொன்று: எடைக்கு விற்றால் வாங்குபவர் தண்ணீருக்கும் காசு கொடுக்கிறார் என்பதால் கன அளவில் விற்கிறேன். அடுக்கிய அளவா, கொட்டிய அளவா என்பதை ரசீதில் எப்படி எழுதுகிறீர்கள்?