விடை ஒத்துவராத சனிக்கிழமை

போன வருடம் சனிக்கிழமைதோறும், பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் எட்டு ஆசிரியர்களோடு உட்கார்ந்து புள்ளியியல் பாடத்துக்கு உதவினேன். முதல் வாரம் வாட்ஸ்அப்பில் பன்னிரண்டு காணொளிகளை அனுப்பிவிட்டுப் பார்த்துவிட்டு வருவார்கள் என்று நம்பினேன், ஒருவர்கூடத் திறக்கவில்லை. தப்பு என்னுடையது. நாள் முழுக்க நின்று பாடம் எடுத்துவிட்டு விடைத்தாள் கட்டோடு வீட்டுக்குப் போகிறவர் அரை மணி நேர ஆங்கிலக் காணொளியை எப்போது பார்ப்பார்?

அதில் ஒரு டீச்சருக்கு ஓய்வு பெற நான்கு வருடம்தான் பாக்கி. "அட்டவணை போட வெச்சு அஞ்சு மார்க் வாங்க வெச்சுடுவேன் தம்பி. ஆனா திட்ட விலக்கம் எதுக்கு டீச்சர்னு ஒரு பிள்ளை கேட்டா என்கிட்ட பதில் இல்ல" என்றார். எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று சொல்லும் அளவுதான் திட்ட விலக்கம். சரி என்று கூகுள் ஷீட்ஸைத் திறந்து 10, 12, 14, 16, 18 என ஐந்து மதிப்பெண்களை அவரையே போடச் சொல்லி, திட்ட விலக்கத்தைக் கணக்கிடும் எஸ்டிடெவ் (STDEV) சூத்திரத்தைத் தட்டச் சொன்னேன். 3.16 வந்தது. அவர் நோட்டில் 2.83. ஒன்றும் பேசாமல் அடித்துவிட்டு மறுபடி போட்டார், மறுபடியும் 2.83. முப்பது வருடம் கற்றுக்கொடுத்தவர் தன் கணக்கைத்தான் சந்தேகப்பட்டார், எனக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது.

இரண்டுமே சரி. ஒவ்வொரு மதிப்பெண்ணும் சராசரியான 14இலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அவற்றை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 40. நம் பாடநூல் அதை 5ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுக்கிறது, எஸ்டிடெவ் 4ஆல் வகுக்கிறது, ஏனென்றால் அந்த ஐந்தையும் பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த ஒரு மாதிரியாக (சாம்பிளாக) அது எண்ணிக்கொள்கிறது. சராசரியையும் அதே ஐந்திலிருந்துதானே எடுக்கிறோம், அதனால் விலக்கங்கள் கொஞ்சம் குறைவாகத்தான் வரும், அந்தக் குறையை ஈடுகட்டவே ஒன்றைக் கழித்து வகுப்பது. எஸ்டிடெவ்பி என்று கடைசியில் ஒரு பி சேர்த்தால் 2.83 வந்துவிடும். இணையத்தைப் பார்த்துப் படிக்கப் போகும் ஆசிரியரிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான் என்பேன். அடுத்த வாரம் டீச்சர் தன் வகுப்புப் பிள்ளைகள் 38 பேரின் உயரத்தையும் ஏற்றிக்கொண்டு வந்தார், ஐந்தைந்தாகக் குலுக்கி எடுத்து எந்த விடை முழு வகுப்போடு நெருங்குகிறது என்று தானே பார்க்க.

* * *

உங்கள் பதிவில் டீச்சர் நோட்டில் அடித்துவிட்டுப் போட்டதைப் படித்ததும் எனக்கு என் வகுப்பு ஞாபகம் வந்தது சார். நான் எட்டாம் வகுப்பு எடுக்கிறேன். ஜியோஜீப்ரா என்ற கணக்கு வரைபடச் செயலியைத் தரவிறக்கி வைத்துக்கொண்டால் பள்ளியில் நெட் இல்லாமலும் ஓடும். ஐந்து பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து வர ஆகும் நிமிடங்கள், 5, 7, 8, 10, 10, இவற்றைப் புள்ளிகளாக வைத்தேன். சராசரி 8, வரிசையில் நடுவில் நிற்கும் எண்ணான இடைநிலை அளவும் 8. கடைசிப் புள்ளியைப் பிடித்து 40 வரைக்கும் இழுத்ததும் சராசரி 14க்கு ஓடிவிட்டது, இடைநிலை அளவு அசையவே இல்லை. முன் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "மிஸ், ஒருத்தன் லேட்டா வந்தா எல்லாரும் லேட்டா வந்த மாதிரி ஆயிடுது" என்றான். அப்புறம் அந்தப் பாடத்துக்கு நான் கரும்பலகை பக்கமே போகவில்லை, ஒவ்வொருவராக வந்து புள்ளியை இழுத்துப் பார்க்க வரிசை கட்டிவிட்டார்கள்.