ரோல்20க்குச் சந்தா கட்டுவதா, ஃபவுண்ட்ரியை ஒரேயடியாக வாங்குவதா?

மேசைக்காரன்:
டிஅண்ட்டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பாத்திரமேற்று ஆடும் பகடை ஆட்டம்) 2024 விதிகளில் புது கேம்பெயின், அதாவது தொடர்கதை, தொடங்குகிறோம். கதையை நடத்தும் ஜிஎம் ஒருவர், ஆட்டக்காரர்கள் ஐந்து பேர். சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று ஆளுக்கொரு ஊர், அதனால் எல்லாம் ஆன்லைன்தான். மேப்பையும் டோக்கன்களையும் (ஆட்டக்காய்கள்) திரையில் வைத்து ஆட ரோல்20, ஃபவுண்ட்ரி என்ற இரண்டு இணைய மேசைகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். வாரம் ஒரு செஷன் என்று வைத்தாலும் பரீட்சை, பண்டிகை போக வருஷத்துக்கு 40 தேறும். இரண்டு வருஷம் ஓடும். ஆறு பேரும் பங்கு போட்டால் 15,000 ரூபாய் வரை தரலாம். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது தெரியாமல் மறைக்கும் டைனமிக் லைட்டிங் கட்டாயம் வேண்டும். பேசுவதற்கு டிஸ்கார்ட் இருக்கிறது. இரண்டு பேரிடம் ஃபோன் மட்டும்தான். எதில் போடலாம்?

கல்தச்சன்:
ஃபவுண்ட்ரி. உரிமம் 50 டாலர், ஒரே தடவை. ஜிஎம் மட்டும் வாங்கினால் போதும். மற்ற ஐந்து பேரும் பிரவுசரில் சுட்டியைத் திறந்து உள்ளே வரலாம். 2020இல் வெளிவந்ததிலிருந்து புதுப் பதிப்புக்கென்று தனிக்காசு கேட்டதில்லை. டாலரை 90 ரூபாயாக வைத்தால் 4,500, வரி தனி.

ரோல்20இல் டைனமிக் லைட்டிங்குக்கு ப்ளஸ் சந்தா, ஸ்கிரிப்ட் (வேலையைத் தானே செய்யும் சிறு நிரல்) ஓட்டுவதற்கு ப்ரோ சந்தா. ப்ரோ வருஷத்துக்குச் சுமார் 100 டாலர். இரண்டு வருஷத்தில் 18,000 ரூபாய், அதாவது உங்கள் பட்ஜெட்டைத் தாண்டியாயிற்று. சந்தா முடிந்த அன்றே லைட்டிங்கும் போய்விடும். ஃபவுண்ட்ரியில் உலகம் (கேம்பெயினின் தரவு), டோக்கன், மேப் எல்லாம் உங்கள் டிஸ்கில் ஒரு ஃபோல்டராக இருக்கும். நிறுவனம் நாளைக்கே கடையைச் சாத்தினாலும் கேம்பெயின் ஓடும்.

நேர்வழி:
ப்ரோவை எடுத்து ஒப்பிட்டுக் காட்டறது சரியில்லைங்க. அவர் கேட்டது லைட்டிங் மட்டும். அதுக்கு ப்ளஸே போதும், வருஷத்துக்கு 55 டாலரை ஒட்டி வரும். 80 செஷன், ஆறு பேர், ஆக 480 ஆள்-செஷன். இதை வைச்சு வகுத்துப் பாருங்க:

ரோல்20 ப்ளஸ், இரண்டு வருஷம்: 9,900 ரூபாய். ஆள்-செஷனுக்கு 21 ரூபாய்.
ஃபவுண்ட்ரி, சொந்தக் கணினியில் ஓட்டினா: 4,500. ஆள்-செஷனுக்கு 9 ரூபாய் 40 காசு.
ஃபவுண்ட்ரியோட மாசம் 4 டாலர் ஹோஸ்டிங் (வாடகை சர்வர்): 146 டாலர், 13,140 ரூபாய். ஆள்-செஷனுக்கு 27 ரூபாய்.

மூணாவது வரிதான் பலருக்கும் கடைசியில வந்து நிக்கிற செலவு. ஏன்னா சொந்தக் கணினியில ஓட்டணும்னா வெளியில இருந்து 30000ஆம் போர்ட்டுக்கு (கணினியோட இணைப்பு வாசல்) ஆள் வரணும். நம்ம ஊர் வீட்டு இணைப்புல பலதுக்குப் பொது ஐபியே (வெளியில இருந்து நேரா எட்டற இணைய முகவரி) கிடையாது, சிஜிநாட்ங்கற ஏற்பாட்டுக்குப் பின்னாடி பல வீடு ஒரே முகவரியைப் பகிர்ந்துக்குது. ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங் (வெளியாளை அந்த வாசலுக்குத் திருப்பற அமைப்பு) எத்தனை தடவை போட்டாலும் இணைப்பு வராது, பிழைச் செய்தியும் வராது. ஆட்டக்காரர் திரையில பக்கம் சுத்திட்டே இருக்கும், அவ்வளவுதான்.

அதோட, ஜிஎம் கணினியை அணைச்சா சர்வரும் அணைஞ்சுது. வாரநடுவுல ஒருத்தர் லெவல் ஏத்தணும், மந்திரம் மாத்தணும்னா ஷீட்டைத் (பாத்திரத்தோட விவரத் தாள்) திறக்க முடியாது. ரோல்20ல எந்நேரமும் திறந்திருக்கும்.

கல்தச்சன்:
சிஜிநாட் உண்மைதான், ஆனால் அதற்காக மாதம் 4 டாலர் கட்ட வேண்டியதில்லை. முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வான் ஐபி (WAN IP) என்று ஒரு எண் இருக்கும். "என் ஐபி என்ன" என்று தேடினால் வரும் எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும். 100.64இலிருந்து 100.127 வரை எதிலாவது தொடங்கினால் சிஜிநாட்தான்.

இருந்தால் இரண்டு வழி. ஒன்று, கிளவுட்ஃபிளேர் டனல், அதாவது பொது ஐபி இல்லாமலே வெளியாட்களை உங்கள் கணினிக்குக் கொண்டுவரும் சேவை. அவர்களுடைய சிறு நிரலை இறக்கி, லோக்கல்ஹோஸ்ட் 30000ஐ (உங்கள் கணினியில் ஃபவுண்ட்ரி ஓடும் இடம்) காட்டி ஓட்டினால் ஒரு முகவரி கொடுக்கும். கணக்குகூட வேண்டாம். ஒவ்வொரு தடவையும் முகவரி மாறும். செஷனுக்கு முன் டிஸ்கார்டில் ஒட்டிவிட வேண்டியதுதான். மாறாத முகவரி வேண்டுமென்றால் வருஷத்துக்கு 10 டாலர் அளவில் ஒரு டொமைன் வாங்கி இணைத்துக்கொள்ளுங்கள். பூட்டுள்ள எச்டிடிபிஎஸ் இணைப்பும் இதிலேயே வந்துவிடுகிறது. இரண்டாவது, இதே வேலையைச் செய்யும் டெயில்ஸ்கேல் ஃபனல், அதுவும் இலவசமே.

ஜிஎம் கணினியிலிருந்து ஓட்டும்போது கவனிக்க வேண்டியது ஏற்றும் வேகம் (அப்லோடு). 8 எம்பி மேப்பை ஐந்து பேருக்கு அனுப்பினால் 40 எம்பி, அதாவது 320 மெகாபிட். 10 எம்பிபிஎஸ் ஏற்றும் வேகத்தில் 32 வினாடி எல்லோரும் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதே மேப்பை வெப்பி (WebP) என்ற சுருங்கிய பட வடிவத்துக்கு மாற்றி 1 எம்பிக்குக் கொண்டுவந்தால் 4 வினாடி. சீன் (மேப் வைத்த காட்சி) பெயரில் வலது கிளிக் செய்து ப்ரீலோடு கொடுத்தால் முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிடும். ஆளுக்கு ஆள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான், மென்பொருளில் இல்லை.

ஆந்தைக்கண்:
ரெண்டு பேரும் காசுக் கணக்கையே பாக்கிறியள். இவ்வளவு தேவையோ எண்டு முதல் கேளுங்கோவன். ஓல்பேர் ரோடியோ எண்ட இன்னொரு இணைய மேசையில இலவசக் கணக்குக்கே ரெண்டு அறையும் 200 எம்பி இடமும் கிடைக்கும். 1.5 எம்பி வெப்பி மேப் எண்டால் 130 வரைக்கும் போடலாம், ரெண்டு வருசத்துக்குத் தாராளமாக் காணும். டைனமிக் ஃபாக் எண்ட எக்ஸ்டென்ஷனை அறைக்குள்ள சேர்த்தால் சுவர் கீறலாம், டோக்கனோட வெளிச்சமும் நகரும். ஃபோன்ல விரலாலயே மேப்பை இழுக்கலாம். ஆக்களின்ர ஷீட்டுக்கு டிஅண்ட்டியின்ர அதிகாரபூர்வத் தளமான டிஅண்ட்டி பியாண்ட் இலவசக் கணக்கில ஒருத்தருக்கு ஆறு கேரக்டர் வரை விடுவினம். செலவு சுழியம்.

கல்தச்சன்:
ஓல்பேர் மேப் மேசை மட்டும்தான் ஐயா. 12 கோப்ளின், இரண்டு ஓர்க் உள்ள சண்டையை நினைத்துப் பாருங்கள். ஃபவுண்ட்ரியில் ஃபயர்பால் (நெருப்புப் பந்து மந்திரம்) போட்டு, அகப்பட்டவற்றைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால் எல்லாவற்றுக்கும் சேவிங் த்ரோ (தப்பிக்கும் பகடை) உருளும். அரட்டைப் பெட்டியில் சேதத்தை அழுத்தினால் நெருப்பைப் பாதியாக வாங்கும் உயிரினத்துக்குத் தானே பாதியாகக் கழியும். ஓல்பேரில் 14 உயிர்ப்புள்ளிக் கணக்கையும் (யாருக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்பது) ஜிஎம் மண்டையில் வைத்திருக்க வேண்டும். ஒரு சண்டைக்குக் கால்மணி நேரம் கூடினால் 80 செஷனில் 20 மணி நேரம், அதுவும் ஆறு பேருடையது. செலவு சுழியம் என்பது பணத்தில் மட்டும்தான்.

ஆந்தைக்கண்:
அந்த 20 மணித்தியாலத்தை மற்றப் பக்கத்திலயும் எழுதுங்கோ. ஃபவுண்ட்ரியைச் சரிப்படுத்தி, மாட்யூல் (மேலதிக வசதி தாற துணை நிரல்) தேடி, எழுபது சுவர் கீறி, ஒரு மாட்யூல் மற்றதை முட்டுதோ எண்டு பாத்து முடிக்க ஜிஎம்முக்கு எவ்வளவு நேரம்? அது ஆறு பேரின்ர தலையில இல்லை, ஒருத்தரின்ர தலையில. ஜிஎம் களைச்சால் கேம்பெயின் நிக்கும்.

நேர்வழி:
ஆந்தைக்கண் சொல்றதை நான் ஒப்புக்கிறேன். ஃபவுண்ட்ரியில வருஷத்துக்கு ஒரு பெரிய பதிப்பு: 2022ல 10, 2023ல 11, 2024ல 12, 2025ல 13. ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் மாட்யூல் வேலை செய்யாம போகும். எழுதினவங்க தன்னார்வலர்கள், எப்ப சரிபண்ணுவாங்கன்னு கேட்க முடியாது. உலகத்தைப் புதுப் பதிப்புல ஒருதரம் திறந்துட்டா தரவு மாறிடும், பழசுக்குத் திரும்பப் போக வழியில்லை. ரோல்20ல இந்த வேலையே ஜிஎம்முக்குக் கிடையாதுங்க.

கல்தச்சன்:
கேம்பெயின் நடுவில் ஏன் அப்டேட் செய்கிறீர்கள்? இப்போதைய நிலையான பதிப்பில் தொடங்கி, இரண்டு வருஷமும் அதிலேயே முடியுங்கள். அப்டேட் செய் என்று யாரும் வற்புறுத்துவதில்லை. செய்தே ஆக வேண்டுமானால் வரிசை இது: ஃபவுண்ட்ரியை மூடுங்கள், டேட்டா ஃபோல்டரை முழுசாக வேறு டிஸ்கில் நகலெடுங்கள், எல்லா மாட்யூலையும் அணைத்துவிட்டு உலகத்தைத் திறங்கள், பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள். எது கெடுக்கிறதென்று தெரியவில்லை என்றால் ஃபைண்ட் த கல்ப்ரிட் மாட்யூல் பாதி பாதியாக அணைத்துக் கண்டுபிடித்துத் தரும்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். டேட்டா ஃபோல்டரை ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் மாதிரி தானாக ஒத்திசையும் இடத்தில் வைக்காதீர்கள். 11ஆம் பதிப்பிலிருந்து தரவு லெவல்டிபி முறையில் பல சிறு கோப்புகளாக இருக்கிறது. ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒத்திசைவு நிரல் ஒரு கோப்பைப் பிடித்துப் பூட்டினால் உலகமே திறக்காமல் போகும். விண்டோஸில் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் பலருக்கும் தானாகவே ஒன்டிரைவுக்குள் இருக்கும், பாருங்கள்.

அடுத்தவர் சர்வரை நம்பும் விஷயத்தையும் பேசலாம். விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் 2025 பிப்ரவரியில் சிஜில் என்ற முப்பரிமாண மேசையை வெளியிட்டது. அடுத்த மாதமே அதைச் செய்த குழுவில் பெரும்பாலோரை வேலையை விட்டு நீக்கியது. டிஅண்ட்டியின் உரிமையாளருடைய மேசைக்கே இந்தக் கதி.

நேர்வழி:
சிஜில் அப்பத்தான் பிறந்தது. ரோல்20 2012ல இருந்து ஓடுது. ரெண்டையும் ஒரே தட்டுல வைக்க முடியாதுங்க.

நீங்க யாரும் புத்தகச் செலவைத் தொடவே இல்லை. 2024 விதிகள்ல ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக், டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு, மான்ஸ்டர் மேனுவல், மூணும் மின்வடிவத்துல 30 டாலர் வீதம் 90 டாலர். 8,100 ரூபாய். நீங்க சண்டை போடற உரிமத்தை விட இது ரெண்டு மடங்கு கிட்ட வருது. ஒரு இடத்துல வாங்கினது இன்னொரு இடத்துக்குத் தானா வராது. டிஅண்ட்டி பியாண்ட்ல வாங்கினதை ஃபவுண்ட்ரிக்குள்ள இழுக்கற மாட்யூல் உண்டு, ஆனா அதுவும் ஒரு தன்னார்வலர் பராமரிக்கறதுதான். அதனால மேசையை முடிவு பண்ணாம புத்தகத்தைத் தொடாதீங்க. மேசை மாறினா அந்த 8,100 மறுபடியும் போகும்.

கல்தச்சன்:
இதில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் மூன்று புத்தகமும் முதல் நாளே வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் எஸ்ஆர்டி 5.2, அதாவது 2024 விதிகளின் அடிப்படைத் தொகுப்பு, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. 12 வகுப்பும் (போர்வீரர், மந்திரவாதி போன்ற பாத்திர வகைகள்) உண்டு, வகுப்புக்கு ஒரு கிளைவகுப்பு. 300க்கு மேல் உயிரினங்கள். ஃபவுண்ட்ரியின் டிஅண்ட்டி 5இ சிஸ்டத்தோடு (அந்த ஆட்டத்தின் விதிகளை இயக்கும் தொகுப்பு) அது இலவசமாகவே வருகிறது. முதல் ஐந்து லெவல் இதில் ஓட்டலாம்.

விதியை மாற்றச் சம்மதமானால் இதே வகையில் வேறோர் ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பைப் பாருங்கள். ஃபவுண்ட்ரியின் பாத்ஃபைண்டர் சிஸ்டத்தில் வகுப்பு, மந்திரம், உயிரினம் என்று விதிகள் முழுக்க இலவசமாக உள்ளே இருக்கிறது. அங்கே புத்தகச் செலவு சுழியம். பணம் இறுக்கமான குழுவுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்பது என் உறுதியான கருத்து.

மேசைக்காரன்:
விதி மாறாது, ஆறு பேரும் அதில் ஒருமனம். ஃபோன்காரர்கள் இருவருக்கு என்ன வழி? சந்தா என்றால் கார்டில் மாதாமாதம் கழியுமா?

நேர்வழி:
ஃபவுண்ட்ரி ஃபோனுக்காகச் செஞ்சதில்லைங்க. திரை சின்னதுன்னு எச்சரிக்கும், பக்கப்பட்டை மேப்பை மூடிக்கும். ரோல்20க்குத் தனி ஃபோன் செயலி இருக்கு: ஷீட் பார்க்கலாம், பகடை உருட்டலாம். மேப்பை ஜிஎம் டிஸ்கார்ட்ல திரைப்பகிர்வு பண்ணிட்டா வேலை முடிஞ்சது.

கார்டு விஷயம்: புதுக் கார்டுல வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனை அணைஞ்சிருக்கும், வங்கிச் செயலியில இயக்கிக்கணும். 2021 அக்டோபர்ல இருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி தானா கழியற சந்தாவுக்கு இ-மேண்டேட் (வங்கியில முன்கூட்டிய அனுமதி) பதிவு வேணும். வெளிநாட்டு நிறுவனம் அந்த ஏற்பாட்டுல இல்லைன்னா அடுத்த மாசம் பணம் கழியாது, செஷன் நடுவுல லைட்டிங் போயிடும். வருஷச் சந்தாவா எடுத்து ஒரே தடவை ஓடிபி போட்டுக் கட்டிடுங்க. அந்நியச் செலாவணிக் கட்டணம் 2 முதல் 3.5 சதவீதம் கூட வரும், அதுமேல ஜிஎஸ்டி 18 சதவீதம். 55 டாலருக்கு 205 ரூபாய்க்குள்ள அடங்கிடும்.

கல்தச்சன்:
திரைப்பகிர்வு என்றால் ஃபவுண்ட்ரியிலும் செய்யலாமே! ஷீட் டிஅண்ட்டி பியாண்டில், மேப் டிஸ்கார்டில். ஆனால் ஒரு விஷயம்: பகிரும் திரை ஜிஎம் பார்வையாக இருந்தால் ஒளித்து வைத்ததெல்லாம் தெரிந்துவிடும். வேறொரு பிரவுசரில் ஆட்டக்காரராக இன்னொரு கணக்கில் நுழைந்து அந்தச் சாளரத்தை மட்டும் பகிருங்கள்.

ஆந்தைக்கண்:
ஃபோன் ரெண்டு இருக்கேக்க இன்னும் ஓல்பேர்தான் எண்டு நான் சொல்லுவன். அவை தாங்களே டோக்கனை நகர்த்தலாம், மற்றவையின்ர திரையைப் பாத்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. முதல் நாலு செஷனை இதில ஓட்டுங்கோ, சதம் போகாது. அதுக்குள்ள உயிர்ப்புள்ளிக் கணக்கு உண்மையா இடைஞ்சல் தருதோ எண்டு தெரிஞ்சிடும். தந்தால் காசைக் குடுத்து மாறுங்கோ. வெப்பி மேப்பெல்லாம் அப்பிடியே அங்கயும் போகும், சுவர் மட்டும்தான் திரும்பக் கீறோணும்.

கல்தச்சன்:
நான்கு செஷன் சோதனைக்கு எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த நான்கு வாரத்தில் ஜிஎம் வான் ஐபியைப் பார்த்து வையுங்கள். கணினி உள்ள மற்ற மூன்று பேரும் குரோமில் ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன் (படம் வரையும் வேலையை வரைகலைச் சில்லுக்குக் கொடுக்கும் அமைப்பு) இயங்குகிறதா என்று பார்க்கட்டும். அது அணைந்திருந்தால் 4200க்கு 5600 பிக்சல் மேப் ஒன்றே வரைகலை நினைவகத்தில் 94 எம்பி கேட்கும், அவ்வளவையும் ப்ராசசர் சுமக்கும். டோக்கன் ஒவ்வோர் அடிக்கும் சிக்கும். மூன்று கணினியும் தேறினால் ஃபவுண்ட்ரி, இரண்டு தேறவில்லை என்றால் நேர்வழி சொன்ன ப்ளஸ். முடிவை இங்கேயே எழுதுங்கள் மேசைக்காரன், டனலை எப்படி அமைப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.