அழிப்பதற்கு முன் சேமித்திருந்தால்

நாங்கள் லண்டன் ஹரோவில் வசிக்கிறோம். என் மகள் பெண்கள் உதைபந்தாட்ட அணியொன்றின் கோல் காப்பாளர். 2022 இளவேனிலில் அவள் ஒரு பெனல்டியைத் தடுத்த காணொளியை அணியினர் பெருமையோடு பகிர்ந்திருந்தார்கள். மறுநாள் அதன் கீழே, வாழ்த்துகளுக்கு நடுவில், குரங்கு முக, வாழைப்பழ இமோஜிகள் வரிசையாகக் கிடந்தன. எழுபதுகளில் இங்கு வந்த எங்கள் பெரியவர்கள் தெருவில் கேட்ட அதே இனவெறி வசைச்சொல்லும் இருந்தது.

அவளுக்கு அப்போது 16 வயது. எங்களிடம் ஒன்றும் சொல்லாமல், தனிச்செய்தியாக வந்தவற்றை ஒவ்வொன்றாக அழித்து, அனுப்பியவர்களைத் தடைசெய்துகொண்டிருந்திருக்கிறாள். இரவு சாப்பிட அழைக்கப் போன என் மனைவிதான் அதைக் கண்டார். மேசையில் பிட்டு ஆறிப்போக, மூவரும் அவள் கட்டிலில் அமர்ந்து எஞ்சியவற்றைப் பார்த்தோம். "அப்பா, சாக்காவுக்கும் இதைத்தான் அனுப்பினவை" என்றாள்.

அது உண்மை. 2021 ஜூலை 11 அன்று வெம்பிளியில் இத்தாலிக்கு எதிரான ஐரோப்பியக் கிண்ண இறுதிப் போட்டியில் பெனல்டிகளைத் தவறவிட்ட இங்கிலாந்து அணியின் கறுப்பின வீரர்கள் மார்கஸ் ராஷ்போர்ட், ஜேடன் சாஞ்சோ, 19 வயதேயான புகாயோ சாக்கா ஆகிய மூவருக்கும் இதே குறிகள்தான் குவிந்தன. தன்னை நோக்கி எத்தகைய வெறுப்பு வரப்போகிறது என்பதை அக்கணமே அறிந்ததாகச் சாக்கா பின்னர் எழுதினார். அம்மூவரையும் பேஸ்புக் நேரலையில் இழிவுபடுத்திய ஒருவருக்கு அதே ஆண்டு நவம்பரில் 10 வாரச் சிறைத்தண்டனை கிடைத்தது. அவருடைய காணொளியே அவருக்கு எதிரான சாட்சியாயிற்று.

எங்களிடம் இல்லாமற்போனது அந்தச் சாட்சிதான். அவசரமல்லாத முறைப்பாடுகளுக்கான 101 இலக்கத்தில் பொலிஸாரிடம் முறையிட்டோம். பாதிக்கப்பட்டவரோ வேறொருவரோ இனவெறுப்பே காரணம் என்று கருதினால், குற்றச்செயல் ஒன்றை இங்கிலாந்தில் வெறுப்புக் குற்றமாகப் பதிவார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஆனால் கணக்குப் பெயர், இணைப்பு முகவரி, திகதி, நேரம் ஆகியவற்றை அதிகாரி பொறுமையாகக் கேட்டபோது, இருபதுக்கும் மேற்பட்ட செய்திகளில் இரண்டை மட்டுமே எங்களால் காட்ட முடிந்தது. பிள்ளை தன்னைக் காத்துக்கொள்ளச் செய்ததைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளோடு உட்கார்ந்து முதலில் படம்பிடித்து வைக்க ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

இப்போது அப்படி ஏதாவது வந்தால் அவள் வாசிப்பதில்லை. தொலைபேசியை என்னிடமோ தம்பியிடமோ கொடுத்துவிடுகிறாள். பெயரும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து, இணைப்பையும் சேமித்த பிறகே செயலியில் முறையிட்டுத் தடைசெய்கிறோம். எங்கள் முதல் முறைப்பாட்டுக்கு, விதிமீறல் எதுவும் இல்லை என்ற தானியங்கிப் பதில்தான் வந்தது. மறுபரிசீலனை கேட்ட பின்பே நீக்கினார்கள். ஆகவே முதல் மறுப்போடு நிறுத்திவிடாதீர்கள். சொல்வடிகட்டியில் வசைச்சொற்களோடு குரங்கையும் வாழைப்பழத்தையும் சேர்த்திருக்கிறோம், ஏனென்றால் எழுத்தை மட்டும் தடுக்கும் வடிகட்டியை இந்தப் படங்கள் எளிதில் தாண்டிவிடுகின்றன. அனுப்பியவன் தெரிந்த பையனாக இருந்து, தடைசெய்தால் பாடசாலையில் தொல்லை கூடும் என்ற அச்சம் இருந்தால், இன்ஸ்டகிராமின் கட்டுப்படுத்தும் (Restrict) வசதி உதவும்: அவனுடைய கருத்து அவனுக்கு மட்டுமே தெரியும், மாற்றம் நடந்ததாக அவனுக்கு அறிவிப்பு எதுவும் போகாது.

காணொளியை எடுத்துவிடவா என்று பயிற்றுநர் கேட்டார். மகள் வேண்டாம் என்றாள். பின்தொடர்வோர் மட்டுமே கருத்திடும்படி மாற்றிவிட்டு, அதை அப்படியே விட்டிருக்கிறார்கள்.