தொடை எலும்பில் பரவிய சிறுநீரகப் புற்றுநோய்: உடைவதற்குள் நெயில் போடலாமா?

கேள்வி:
நோயாளிக்கு வயது 60. 4 ஆண்டுக்கு முன் புற்றுநோய்க்காக ஒரு சிறுநீரகம் எடுக்கப்பட்டது. இப்போது வலது தொடை எலும்பில் டிரோக்கான்டர் பகுதி (இடுப்பு மூட்டுக்குக் கீழே உள்ள மேல்முனை) அரித்திருக்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பின் அகலத்தில் பாதி. படுத்தால் வலி இல்லை, காலை ஊன்றினால் உயிர் போகிறது. எலும்பு இன்னும் உடையவில்லை. நாளைக்கே நெயில் (எலும்பின் உள்ளே செலுத்தும் உலோகத் தண்டு) போடலாமா, ரேடியேஷன் போதுமா?

பதில் 1:
எலும்பு உடையும் அபாயத்தை அளக்கும் மிரெல்ஸ் கணக்கில் இடத்துக்கு 3, ஊன்றும்போது வரும் வலிக்கு 3, எலும்பு அரித்திருப்பதற்கு 3, அளவுக்கு 2. மொத்தம் 11. 9-ஐத் தொட்டாலே உடையும் முன் தாங்கு கொடுத்துவிட வேண்டும். ரேடியேஷன் மட்டும் கொடுத்தால் வலி குறையும், எலும்பு உடனே வலுப்படாது. வலி போன தைரியத்தில் நடப்பார், உடைத்துக்கொள்வார். தாங்கு கொடுக்கும் வரை அந்தக் காலில் பாரம் கூடாது.

ஆனால் நாளைக்கே வேண்டாம். முழுத் தொடை எலும்புக்கும் எக்ஸ்ரே, மார்பு-வயிறு சிடி, எலும்பு ஸ்கேன், ரத்தத்தில் கால்சியம் பாருங்கள். வேறெங்கும் இல்லாமல் இது ஒன்றுதான் என்றால் பயாப்சி (திசுப் பரிசோதனை) முடிவு வராமல் நெயிலைத் தொடவே கூடாது. பழைய புற்றுநோய் இருந்ததால் இதுவும் அதுதான் என்று முடிவுகட்ட முடியாது. உள்ளே சார்கோமா (எலும்பிலேயே தோன்றும் புற்று) இருந்தால், நெயிலுக்கு வழி துளைக்கும் ரீமர் அதை மஜ்ஜைக் குழாய் நெடுக இழுத்துவிடும். பிறகு காலைக் காப்பாற்றுவதே கடினம்.

பதில் 2:
சிறுநீரகப் புற்று என்று உறுதியானால் ரத்தம்தான் பெரிய கவலை. தொடையின் மேல்பகுதியில் டூர்னிகே (ரத்த ஓட்டத்தை நிறுத்தும் இறுக்குப் பட்டை) கட்ட வழியில்லை. அதனால் அறுவைக்கு முந்தைய 24 முதல் 48 மணி நேரத்துக்குள் எம்போலைசேஷன் செய்து ரத்தக்குழாய்களை அடைத்துவிட வேண்டும். தள்ளிப்போனால் புதுக் கிளைகள் வழியே ரத்தம் மறுபடி பாயும். பயாப்சி எடுக்கும்போதும் ரத்தப்போக்கில் இதே எச்சரிக்கை.

ஒரே ஒரு இடம், நோயாளியும் நல்ல உடல்நிலையில் இருக்கிறார் என்றால், கட்டியை முழுதாக வெட்டி எடுத்து செயற்கை மூட்டு வைப்பதைப் பேசிப் பாருங்கள். நெயில் மட்டும் போட்டு, கட்டி உள்ளேயே வளர்ந்தால் எலும்பு சேராது. மொத்தப் பாரமும் நெயிலின் மேல் விழுந்து, ஸ்க்ரூ துளையருகே அது முறிந்துபோகும். பல இடங்களில் பரவியிருந்தால் தொடை எலும்பின் கழுத்துவரை பிடிக்கும் நீள நெயில் சரி. ரீமிங் செய்யும்போது ஆக்சிஜன் சரியலாம், மயக்க மருத்துவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

பதில் 3:
நெயிலுக்குப் பிறகு, காயம் ஆறியதும் ரேடியேஷன். கதிர் படும் பரப்பு நெயிலின் முழு நீளத்தையும் மூட வேண்டும்.

ஒரே சிறுநீரகம் என்பதால், எலும்பு அரிப்பைக் கட்டுப்படுத்தும் ஜோலெட்ரானிக் அமிலம் வழக்கமான 4 மி.கி. என்று எழுதிவிடாதீர்கள். கிரியாட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் வடிகட்டும் திறன், நிமிடத்துக்கு மி.லி.) 60-க்குக் கீழே என்றால் அளவைக் குறைக்க வேண்டும், 30-க்குக் கீழே தரக்கூடாது. மாற்று டெனோசுமாப் 120 மி.கி.; ஆனால் கால்சியம் சரேலென இறங்கும், வைட்டமின் டி-யை முன்பே சரிசெய்யுங்கள். இரண்டுமே தாடை எலும்பைப் பாதிக்கலாம், அதனால் முதலில் பல் மருத்துவர். பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கி, ஆறிய பிறகே ஊசி.