அறுவை சிகிச்சைக்குப் பின் அம்மாவுக்குக் குழப்பம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அம்மாவுக்கு 78 வயது. இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. எலும்பு நன்றாகக் கூடி வருகிறது. மனம்தான் இன்னும் நிலைக்கு வரவில்லை. காலையில் தெளிவாகப் பேசுகிறவர், பொழுது சாய்ந்தால் போர்வையின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருக்கிறார். என்னையே பார்த்து, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்கிறார்.

முழு மயக்கம் கொடுத்ததுதான் காரணம் என்று உறவினர்கள் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். முதுகில் ஊசி போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காதாம். இடுப்பு முறிவு நோயாளிகளிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2021இல் வெளிவந்த பெரிய ஆய்வில், குழப்பம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. ஆகவே அந்தப் பேச்சை இங்கே விட்டுவிடலாம். வலி, தூக்கமின்மை, தொற்று, மலச்சிக்கல், சில தூக்க மாத்திரைகள் என எதுவும் முதியவர்களின் மூளையைக் குழப்பலாம் என்றார் மருத்துவர். சிறுநீர்த் தொற்று இல்லை என்று தெரிந்துவிட்டது. மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் மறக்காமல் அணிவிக்கிறோம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இது தெளிய எவ்வளவு காலம் ஆனது? மாலை நேரத்தை எப்படிச் சமாளித்தீர்கள்? நினைவாற்றல் பரிசோதனையை எப்போது செய்யச் சொன்னார்கள்? முதியோர் நல மருத்துவரா, நரம்பியல் மருத்துவரா, முதலில் யாரைப் பார்ப்பது? கைவைத்தியக் குறிப்புகள் மட்டும் வேண்டாம், தயவுசெய்து.